வாவிக்கும் ஒரு பங்கு

வந்தாறுமூலை என்னும் பெயரை 'வந்த ஆற்று மூலை' என்று பிரிப்பினும் பொருந்துகிறது. 'வந்து ஆறும் மூலை' என்று பிரிப்பினும் பொருந்துகிறது. முன்னதில் நீர் இருக்கிறது. பின்னதில் இளைப்பாறுதல் இருக்கிறது. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, செங்கலடிக்கும் சித்தாண்டிக்கும் இடையே உள்ள இவ்வூரின் மேற்கு வெளியில் மாரிகால மாலைப் பொழுதில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றே என்று தோன்றும். நிலமெல்லாம் நீர், நீரெல்லாம் வானம். அந்த அழகைக் கண்டு நான் களித்திருக்கிறேன். அதே வெளி ஆவணி மாதத்தில் வெடித்துக் கிடப்பதையும் கண்டிருக்கிறேன்.

மிகுதியும் வறட்சியும் ஒரே நிலத்தில் மாறி மாறி வருவதே எமது மாவட்டத்தின் நீர்ப் பிரச்சினை. முந்தனையாறு வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கரைபுரண்டு சித்தாண்டி, கிரான் பக்கத்துத் தாழ்நிலங்களை மூடுகிறது. 1957 டிசம்பர் வெள்ளமும், 2011 ஜனவரி வெள்ளமும் இம்மாவட்டத்தார் எளிதில் மறக்கக் கூடியவை அல்ல. சிறுபோகம் வந்ததும் அதே உழவர் வாய்க்காலைப் பார்த்து ஏங்குகிறார். ஆகவேதான் உறுகாமம், கித்துள் குளங்களை இணைத்துப் பெரியதொரு நீர்த்தேக்கமாக்கும் யோசனை நெடுநாளாகப் பேசப்பட்டு வருகிறது. அதனை எதிர்ப்பது என் நோக்கமன்று. உன்னிச்சைக் குளத்து நீரே சுத்திகரிக்கப்பட்டு இன்று மட்டக்களப்பு நகரத்தாரின் குழாய்களில் வருகிறது. குளமே வேண்டாம் என்று எவரும் சொல்வதற்கில்லை.

ஆயினும், இத்தகைய திட்டங்களுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரு வாக்கியம் எனக்கு உடன்பாடானதன்று. 'கடலில் வீணாய்க் கலக்கும் நீர்' என்பதே அது. மழைநீரில் ஒரு துளியேனும் மக்களுக்குப் பயன்படாமல் கடலைச் சேரலாகாது என்று 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் கருதியதை இதற்குச் சான்றாகக் காட்டுவர். மன்னன் கருத்தில் உயிர்நாடியான சொல் 'பயன்' என்பதே. வயலில் பாய்ந்தால் மட்டுமா பயன்? வாவியில் பாய்ந்தால் பயன் இல்லையா?

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்து நிற்கிறது. இதன் உயிர், நன்னீரும் உவர்நீரும் கலக்கும் கலப்பில் இருக்கிறது. இறால் கடலிலே முட்டையிடும். அதன் குஞ்சுகள் ஆற்றுவாய் வழியே உள்ளே புகுந்து, கண்டல் வேர்களின் நிழலில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்லும். அந்த ஆற்றுவாயைக் கோடையில் மணல்திட்டு அடைத்துக் கொள்கிறது. மாரி வெள்ளத்தின் வேகமே அதனை உடைத்துத் திறக்கிறது. வெள்ளம் முழுவதையும் அணையின் பின்னே கட்டிவைத்து விட்டால் மணலைத் தள்ளுவது எது? அத்தாங்குடன் ஆற்றில் இறங்கும் ஏழைப் பெண்ணின் கறிச்சட்டியில் அன்று விழுவது எது?

நீரைத் தேக்குவதனால் வரும் விளைவைக் காணத் தெற்கே நோக்கலாம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், பட்டிப்பளை ஆற்றை மறித்து, ஏறத்தாழ 7,70,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும் சேனநாயக்க சமுத்திரத்தை எமக்குத் தந்தது. அதனால் விளைந்த நெல்லை மறுப்பார் இல்லை. ஆனால் அவ்வயல்களில் இருந்து வடியும் நீர், உரத்தையும் பூச்சிமருந்தையும் சுமந்து வாவியின் தென்பகுதியை நாடுகிறது. உரமுண்ட நீரில் ஆற்றுவாழை செழிக்கும். ஆற்றுவாழை மூடிய நீரில் மீன் செழிக்காது. திட்டம் தீட்டிய கணக்கில் வயலுக்கு ஒரு நிரல் இருந்தது. வாவிக்கு நிரலே இல்லை.

பேரணைகளைக் கட்டிப் பெயர் பெற்ற அமெரிக்காவே, 1968இல், சில ஆறுகளை மறிக்காமல் அவற்றின் இயல்பான ஓட்டத்திலேயே காக்க வேண்டும் என்று சட்டம் இயற்றி, முதலில் எட்டு ஆறுகளைத் தெரிந்தெடுத்தது. அணை கட்டும் கொள்கைக்கு இணையாகக் காக்கும் கொள்கையும் வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம். நிலம் நெருங்கிய எமது சிறு நாட்டில் ஓர் ஆற்றை முழுதும் தீண்டாது விடுதல் இயலாதிருக்கலாம். ஆனால் ஓர் ஆற்றின் ஒரு பங்கைத் தீண்டாது விடுதல் இயலும்.

இது எமக்குப் புதிய பாடமன்று. வெள்ளம் வந்தால் ஆற்றுவாயை வெட்டும் வழக்கம் எம்மிடம் உண்டு. தாமதித்தால் பயிர் அழுகும். முந்தினால் வாவி நீர் வற்றி மீன் கடலேறும். உழவரின் நலமும் மீனவரின் நலமும் அங்கே ஒரே மண்வெட்டி முனையில் நிற்கின்றன. இருவரையும் கேட்டே நாள் குறிக்க வேண்டும் என்பது ஆற்றுவாய்க்கு நியாயமானால், அணைக்கட்டுக்கும் அதுவே நியாயம்.

ஆதலால் என் கோரிக்கை ஒன்றே. எத்தனை ஏக்கர் விளையும், எத்தனை வீட்டுக்கு நீர் போகும் என்று எழுதுவதற்கு முன், எந்த மாதத்தில் எவ்வளவு நீர் வாவிக்கு விடப்படும் என்பதைத் திட்டத்தின் முதற் பக்கத்திலேயே எழுத வேண்டும். அதற்கு உவர்ப்பும் நீர்மட்டமும் ஆண்டு முழுவதும் அளக்கப்பட வேண்டும். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கலைக்கூடம் வந்தாறுமூலையிலேயே இருக்கிறது. அளக்கும் கருவியும் அறிவும் அயலிலேயே உள்ளன.

வாவியின் எழில் கண்ணுக்கு மட்டும் விருந்தன்று. அதன் உடல்நலத்துக்கு அடையாளம். பாடும் மீனின் ஊர் என்று பெருமை பேசும் நாம், மீன் வாழும் நீருக்கும் கணக்கில் ஓர் இடம் வைப்போமாக.