உழைத்த கூலிக்குப் பொறுப்பாளி யார்?

மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இரண்டு வருடங்கள் உழைத்துவிட்டு, வெறுங்கையுடன் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கும் ஒரு பெண், தனக்குச் சேரவேண்டிய சம்பளத்தை யாரிடம் கேட்பது? சம்பளம் கொடுக்காத எஜமானர் கடல் கடந்த நாட்டில் இருக்கிறார். அங்கு திரும்பிச் சென்று வழக்காடுவதற்கு அப்பெண்ணிடம் வீசாவும் இல்லை, பணமும் இல்லை. அவருக்கு எட்டும் தூரத்தில் இருப்பது, அவரை அனுப்பிவைத்த முகவர் நிலையம் மாத்திரமே. ஆனால், 'ஆளை அனுப்பியதோடு எமது வேலை முடிந்துவிட்டது, சம்பளம் எஜமானரின் விடயம்' என்று அங்கு கைவிரிக்கப்படுமாயின் அவர் எங்கு செல்வது?

இக்கேள்விக்குத் தெளிவான விடையைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடு பிலிப்பைன்ஸ் ஆகும். 1995 ஆம் ஆண்டில் அந்நாடு நிறைவேற்றிய புலம்பெயர் தொழிலாளர் சட்டம், தொழிலாளியின் பணக் கோரிக்கைகள் அனைத்துக்கும் வெளிநாட்டு எஜமானரும் உள்நாட்டு முகவர் நிலையமும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள் எனக் கூறுகிறது. அதாவது, எஜமானர் கொடுக்கத் தவறிய முழுத்தொகையையும் முகவர் நிலையத்திடமே கேட்டுப் பெறத் தொழிலாளிக்கு உரிமையுண்டு. பின்னர் அத்தொகையை எஜமானரிடம் அறவிட்டுக்கொள்வது முகவரின் பாடு. இப்பொறுப்பை ஏற்கும் வாசகம் ஒப்பந்தத்தில் இடம்பெற்றாக வேண்டும். முகவர் நிலையம் கம்பனியாக இருப்பின் அதன் பணிப்பாளர்களும் அதிகாரிகளும்கூடப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. கம்பனியை மூடிவிட்டு வேறு பெயரில் மறுபடியும் கடை திறக்கும் தந்திரத்துக்கு இடம்வைக்காததே இந்த ஏற்பாட்டின் சிறப்பாகும்.

எனினும், அங்கும் இவ்வுரிமை போராட்டமின்றி நிலைபெறவில்லை. நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு, ஒப்பந்தத்தின் எஞ்சிய காலத்துக்குரிய சம்பளம் அல்லது வருடமொன்றுக்கு மூன்று மாதச் சம்பளம் ஆகிய இரண்டில் குறைந்ததே கிடைக்கும் என அதே சட்டம் வரையறுத்திருந்தது. இந்த வரையறை அரசியலமைப்புக்கு முரணானது என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது. 2010 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தில் அது மீண்டும் நுழைக்கப்பட்டபோது, 2014 இல் நீதிமன்றம் அதனை மறுபடியும் நிராகரித்தது. அதேவேளை, முகவர் நிலையம் தனது செலவிலேயே தொழிலாளிக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்ற நல்லதொரு நிபந்தனையையும் 2010 ஆம் ஆண்டின் திருத்தம் கொண்டுவந்தது.

இலங்கையின் நிலை என்ன? 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றி எவரும் ஆட்சேர்ப்பில் ஈடுபட முடியாது என்கிறது. ஒப்பந்தத்தின்படி நடக்கத் தவறியமை குறித்துத் தொழிலாளியோ அவரது நெருங்கிய உறவினரோ முறையிட்டால், பணியகம் விசாரணை நடத்தித் தீர்ப்பளிக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. ஆகவே, 'எமக்குச் சம்பந்தமில்லை' என்று முகவர் கூறுவதோடு விடயம் முடிந்துவிடுவதில்லை.

ஆயினும் குறை வேறிடத்தில் உள்ளது. பிலிப்பைன்ஸ் சட்டத்தில் பொறுப்பு இயல்பாகவே முகவரின் தலையில் விழுகிறது. இங்கோ, முறைப்பாட்டாளரே ஒவ்வொன்றையும் நிரூபித்துப் போராட வேண்டியுள்ளது. மட்டக்களப்பிலோ மன்னாரிலோ இருந்து பத்தரமுல்லைக்குப் பலமுறை பயணம் செய்ய இயலாதவர், சேரவேண்டியதில் ஒரு பகுதியை மட்டும் பெற்றுக்கொண்டு சமரசத்துக்கு இணங்கிவிடுவது வியப்புக்குரியதன்று. ஊருக்குள் வந்து ஆள் பிடித்த உப முகவரை மாத்திரமே அறிந்த பெண்ணுக்கு, அனுமதிப்பத்திரம் பெற்ற நிலையத்தின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். சுற்றுலா வீசாவில் அனுப்பப்பட்டவரின் கையில் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமே இராது.

முகவர்கள் முன்வைக்கக்கூடிய வாதமும் உண்டு. எங்கோ இருக்கும் எஜமானரின் குற்றத்துக்குத் தாம் தண்டம் செலுத்தினால் தொழிலே அழிந்துவிடும் என்பதே அது. ஆனால் எஜமானரையும் அவருடைய நாட்டு முகவரையும் தெரிவு செய்பவர்கள் யார்? அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் தரகுப்பணம் பெறுபவர்கள் யார்? இலாபம் ஒருவருக்கும் நட்டம் இன்னொருவருக்கும் என்பது எந்த வியாபாரத்தின் நியதி? இத்தகைய சட்டத்தை முப்பது வருடங்களாக நடைமுறைப்படுத்திவரும் பிலிப்பைன்ஸ், இன்றும் உலகுக்குத் தொழிலாளரை அனுப்பும் முன்னணி நாடுகளுள் ஒன்றாகவே விளங்குகின்றது.

சட்டம் சீராகும்வரை, புறப்படுபவர்கள் சிலவற்றைத் தவறாது செய்ய வேண்டும். ஒப்பந்தத்தின் பிரதியொன்றை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வதும், முகவர் நிலையத்தின் பெயரையும் அனுமதி இலக்கத்தையும் குறித்துவைப்பதும், சம்பளம் கிடைத்த மாதங்களையும் கிடைக்காத மாதங்களையும் எழுதிவருவதும் பிற்காலத்தில் சாட்சியாகும். சம்பளம் தடைப்பட்டதும், நாடு திரும்பும்வரை காத்திராது குடும்பத்தினர் மூலம் உடனடியாக முறைப்பாடு செய்வதும் அவசியமாகும்.

1990 ஆம் ஆண்டின் புலம்பெயர் தொழிலாளர் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1996 இல் ஏற்றுக்கொண்டது. அவர்கள் அனுப்பும் அந்நியச் செலாவணியை ஒவ்வொரு அரசாங்கமும் கணக்கிட்டுப் பெருமைப்படுகிறது. அவர்களுக்குக் கொடுக்கப்படாத கூலியையும் கணக்கிட்டு, அதற்கு இந்நாட்டிலேயே ஒருவரைப் பொறுப்பாளியாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற வேண்டும்.