விந்துத் தாமதமும் இல்லற அமைதியும்

அறம், பொருள், இன்பம் என வாழ்வைப் பகுத்த தமிழ்ச் சான்றோர் இன்பத்தைப் பற்றிப் பேசக் கூசியவர் அல்லர். திருக்குறளிலே 25 அதிகாரங்கள் காமத்துப்பாலுக்கு உரியவை. ஆயினும், இல்லறத்தில் உடல் சார்ந்த குறையொன்று தோன்றிவிட்டால் அதனை எடுத்துரைக்க இன்றும் நா எழுவதில்லை. குறை ஆணினுடையதாயின் மௌனம் இன்னும் இறுகுகின்றது. அத்தகைய குறைகளுள் ஒன்று, விந்து வெளிப்படுதலில் நேரும் தாமதம்.

மாத்தளை மாவட்டத்துத் தோட்டமொன்றிலே, மணமாகி நான்காண்டு கழிந்த தம்பதியர் இருவரை எண்ணிப் பார்க்கலாம். மகப்பேறு இல்லை. மாமியாரின் பார்வை மருமகள் மீது விழுகின்றது. அயலார் வினவுகின்றனர். மாசி மகத்தை ஒட்டி மாத்தளை முத்துமாரியம்மனின் பஞ்சரதம் பவனி வரும்போது நேர்த்தி வைப்பவளும் அவளே. வைத்தியசாலைக்குச் செல்பவளும் அவளே. பரிசோதனையில் அவளிடம் யாதொரு குறையும் காணப்படவில்லை. கூடலின்போது கணவனுக்கு விந்து வெளிப்படுவதில்லை என்பதை அவ்விருவர் மட்டுமே அறிவர். இருவரும் அதை எவரிடமும் உரைத்தாரல்லர். இத்தம்பதியர் கற்பனையே, ஆயினும் இத்தகைய மௌனத்தின் சுமை பெண்ணின் தலைமேல் ஏறுவது கற்பனையன்று.

தாமதம் என்பது யாது? போதிய விருப்பமும் எழுச்சியும் இருந்தும், விந்து மிகப் பிந்தி வெளிப்படுதலும், வெளிப்படாமலே போதலும் அப்பெயர் பெறும். களைப்பினாலோ மதுவினாலோ என்றோ ஒருநாள் இவ்வாறு நேருமாயின் அது நோயன்று. ஏறத்தாழ எல்லாச் சந்தர்ப்பங்களிலும் இது நேர்ந்து, 6 மாதமளவேனும் நீடித்து, மனத்துயரும் விளைவித்தால் மட்டுமே குறைபாடு எனக் கொள்ளல் வேண்டும் என்பது அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட வகைப்பாட்டின் கருத்து. வயது ஏற ஏறச் சற்றே தாமதமாதல் இயல்பு.

விந்து வெளிப்படுதல் இரு படிகளில் நிகழ்கின்றது. முதலாவதாக, விந்துப் பைகளும் முன்னிற்கும் சுரப்பியும் தம் நீரைச் சிறுநீர்க் குழாயின் பின்பகுதியிற் சேர்க்கின்றன. அவ்வேளை சிறுநீர்ப்பையின் வாய் மூடிக்கொள்கின்றது. அடுத்து, இடுப்பின் அடித்தளத் தசைகள் சுருங்கி அதனை வெளியே தள்ளுகின்றன. இவற்றை முள்ளந்தண்டின் நரம்புகள் நடத்த, மூளை மேலிருந்து தூண்டவும் தடுக்கவும் செய்கின்றது. ஆகவே நரம்பு நலிந்தாலும், மூளையில் இரசாயனங்களின் நிலை மாறினாலும், மனம் கலங்கினாலும் தாமதம் தோன்றலாம்.

காரணங்களுள் பலர் அறியாதது மருந்து. மனச்சோர்வுக்குத் தரப்படும் புளுவொக்செற்றின், சேட்ரலின், பரொக்செற்றின் முதலிய மாத்திரைகள் மூளையில் செரட்டோனின் என்னும் பொருளின் செயலை மிகுவிக்கின்றன. அதனால் விந்து பிந்துகின்றது. விந்து முந்துவோர்க்கு இம்மாத்திரைகளே சிகிச்சையாக வழங்கப்படுவதிலிருந்து இதன் வலிமையை உணரலாம். எனினும், மாத்திரையைத் தாமாகவே நிறுத்துதல் பேராபத்து. அளவைக் குறைப்பதும் வேறொன்றை மாற்றித் தருவதும் வைத்தியரின் பொறுப்பு.

அடுத்தது நீரிழிவு. நெடுநாள் கட்டுப்படாத சர்க்கரை நரம்புகளைச் சிதைக்கின்றது. அப்பொழுது, சிறுநீர்ப்பையின் வாய் மூடாமையால் விந்து பின்னோக்கிச் சென்று அப்பையினுள் வீழ்வதும் உண்டு. இது வேறொரு குறை. கூடலின் பின் கழிக்கும் சிறுநீரைச் சோதித்து இதனை அறியலாம். தைரொயிட் சுரப்பியின் குறைவும் ஆண்மைச் சுரப்புநீரின் குறைவும் இரத்தப் பரிசோதனையில் வெளிப்படும்.

மனமும் ஒரு காரணம். ஒரு துளி விந்து பல துளி இரத்தத்துக்குச் சமம் என்ற நம்பிக்கை நம் நாடுகளில் பழமையானது. விந்து இழப்பைப் பற்றிய இவ்வச்சத்துக்கு இந்திய உளமருத்துவர் விக் 1960 இல் தாது நோய் எனப் பெயரிட்டார். இலங்கையரான உளவியலறிஞர் பத்மல் த சில்வா, இத்தகைய அச்சத்தோடு சிகிச்சை நாடிய இலங்கை ஆண்களைப் பற்றி மற்றோர் ஆய்வாளருடன் இணைந்து 1989 இல் எழுதினார். இழப்பு எனக் கருதி அஞ்சும் மனம், உடலுக்கு எங்ஙனம் இசைவளிக்கும்? மேலும், தனிமையில் கடும் அழுத்தத்துக்குப் பழகிய உடல் கூடலின் மென்மைக்கு இணங்காமையும் உண்டு.

இருப்பிடத்தையும் மறத்தலாகாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையொன்றில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடி வாழ, அடுத்த வீட்டின் இருமலும் சுவர் கடந்து கேட்கும் இடத்தில், கணவன் மனைவிக்கு மனம் நெகிழ்தல் எளிதன்று. அங்கே குறை உடலிலும் இல்லை, அன்பிலும் இல்லை.

மாத்தளை மிளகும் ஏலமும் சாதிக்காயும் விளையும் மண். அவற்றைச் சேர்த்த லேகியங்களையும் தைலங்களையும் ஆண்மைக்கு மருந்தென விற்போர் எங்கும் உளர். அவற்றுட் பல விந்து முந்துவோரை நோக்கி விற்கப்படுவன. பிந்துவோர்க்கு அவற்றால் யாது பயன்? இக்குறைக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து மேலைநாட்டு வைத்தியத்திலும் இல்லை. காரணத்தைக் கண்டு நீக்குதலே சிகிச்சை.

மனம் காரணமாயின், தம்பதியர் இருவரும் சேர்ந்து முயலுதல் நன்று. அமெரிக்க ஆய்வாளரான மாஸ்டர்ஸும் ஜோன்சனும் 1970 இல் வெளியிட்ட நூலில், கணவனைத் தனியே பிரிக்காது இருவர்க்கும் ஒருங்கே சிகிச்சை அளித்த முறையை விளக்கினர். சில நாட்களுக்குக் கூடலையே விலக்கி, தொடுகையின் இனிமையை மட்டும் இருவரும் அறிந்து, பின்னர் படிப்படியாக முன்னேறுவது அம்முறை. முடிவைப் பரீட்சைபோல் எதிர்நோக்கும் பதற்றம் அதனால் தணிகின்றது. மதுவைக் குறைத்தலும், களைப்பற்ற பொழுதைத் தேர்தலும் துணைபுரியும்.

மாத்தளைப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலே தொடங்கலாம். தமிழ் அறியாத வைத்தியரிடம் மூன்றாமவர் ஒருவரைக் கொண்டு இதனைக் கூற எவரும் தயங்குவர். குறை எப்பொழுது தொடங்கியது, உட்கொள்ளும் மருந்துகள் யாவை, தனிமையில் விந்து வெளிப்படுகின்றதா என்னும் மூன்று செய்திகளையும் நம்பிக்கைக்குரிய ஒருவரின் உதவியோடு அவருக்கு விளங்கும் மொழியில் சிறு தாளில் எழுதிச் செல்வது நலம். 1953 இல் நிறுவப்பட்ட இலங்கைக் குடும்பத்திட்டச் சங்கமும் இத்துறையில் ஆலோசனை வழங்குவது. அதன் தொடக்க காலத்தில் உழைத்தோருள் வைத்தியர் சிவா சின்னத்தம்பி என்னும் தமிழ்ப் பெண்மணியும் ஒருவர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

தனிமையில் விந்து வெளிப்படுமாயின், தாமதம் தீருமுன்னரே மகப்பேற்றுக்கு வழி உண்டு. விந்தைச் சேகரித்துக் கருப்பையினுட் செலுத்தும் முறை இன்று வழக்கில் உள்ளது. ஆனால் அதற்கும் முதலில் உண்மை வெளிவர வேண்டும். எனவே கணவன் செய்யத்தக்க முதற் கடமை ஒன்றே: குறை தன்னுடையதாக இருக்கலாம் என மனைவியின் கையைப் பற்றிக் கூறி, அடுத்த முறை அவளுடன் தானும் வைத்தியசாலைக்குச் செல்லுதல். அவள் தலைமேல் ஏற்றப்பட்ட பழியின் பாதி அன்றே இறங்கிவிடும்.