வாயில்லா ஜீவனுக்கு வாரம் எத்தனை வேளை?

பூனையொன்றைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணொருத்தி நரகம் புகுந்ததாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தியை புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பட்டினி போட்டுக் கொல்வது ஒருவகை. அன்பு மிகுதியால் அளவின்றித் தீனி போட்டுக் கொல்வது மற்றொரு வகை. கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான்.

இன்று பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் ஆக்ஸலாட்டலையே எடுத்துக்கொள்வோம். மெக்ஸிகோ நகரின் தெற்கே சோச்சிமில்கோ ஏரிக் கால்வாய்களில் மட்டுமே இயற்கையாய் வாழும் சாலமாண்டர் இனம் இது. ஆயுள் முழுவதும் செவுள்களோடு நீருக்குள்ளேயே இருந்துவிடும். அங்கே 1998இல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை, 2014 கணக்கெடுப்பில் 36 ஆகக் குறைந்துவிட்டன. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலுள்ள உயிரினமாதலால் உரிய ஆவணமின்றி இதனை வாங்கலாகாது.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, அசையும் இரையை மட்டுமே உண்ணும். உயிருள்ள ஆர்ட்டீமியா, நீர்த்தெள்ளு போன்றவற்றை அன்றாடம் தர வேண்டும். இளம் பருவத்தில் பசித்தால் உடன்பிறப்பின் காலையே கடித்துவிடும். கால் மீண்டும் முளைக்கும் என்பது வேறு விஷயம். சுமார் 15 செ.மீ. வளர்ந்தபின் தினமும் தீனி தேவையில்லை. முழு வளர்ச்சி பெற்றதற்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறையே போதும். ஒரு வேளைக்குப் பெரிய மண்புழு ஒன்றோ இரண்டோ. மேலிருந்து நோக்கினால் வயிற்றின் அகலம் தலையின் அகலத்தை ஒத்திருக்க வேண்டும். இதைவிட எளிய அளவுகோல் வேறில்லை.

மண்புழு சிறந்த உணவுதான். ஆயினும் பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து எடுக்கலாகாது. நம் இல்லங்களில் எளிதில் கிடைக்கும் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சித் துண்டுகளை, குர்பானி நாளாயினும் சரி, தொட்டியில் போட வேண்டாம். அக்கொழுப்பை ஜீரணிக்கும் வயிறு அதற்கில்லை. இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்குவது அதன் இயல்பு. அடியில் பரப்பிய சிறுகூழாங்கற்களும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். தின்னாது விட்ட மிச்சம் அழுகி நீரில் அம்மோனியாவைப் பெருக்கும். ஆகையால் அதனை அன்றே அகற்ற வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதற்குத் தேவை 16 முதல் 18 டிகிரி வரையுள்ள குளிர்ந்த நீர். வெப்பம் 24 டிகிரியைத் தாண்டினால் நோய்வாய்ப்படும், உணவையும் மறுக்கும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் நீரைக் குளிர்விக்கும் கருவி வாங்க இயலாதவர்கள் இப்பிராணியை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம் என்பது எம் கருத்து.

செவுள்கள் முன்னோக்கி வளைந்து, வால்நுனி சுருண்டிருந்தால் பசியென்று எண்ணி மேலும் தீனி போடாதீர்கள். முதலில் நீரைச் சோதியுங்கள். வெளியூர்ப் பயணமென்றால் நலமாயுள்ள வளர்ந்த ஆக்ஸலாட்டல் ஒரு வாரம் உணவின்றித் தாங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் தீனி டப்பாவை ஒப்படைத்துச் செல்வதுதான் அபாயம்.