பழைய ஏ.சி.யும் புதிய வாயு விதிகளும்

தங்கவயலுக்குக் குளிரூட்டிய காற்று புதிதன்று. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையின் வெப்பத்தைத் தணிக்க, காற்றைக் குளிர்வித்து உள்ளே செலுத்தினர். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அங்குள்ள குடியிருப்புகளில் ஏ.சி. வைத்திருப்போரை வேறொரு கவலை வாட்டுகிறது: பழைய வாயுவுக்குத் தடை வந்துவிட்டதாமே, கருவியையே மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. விதிகள் தயாரிப்பாளரையும் இறக்குமதியாளரையும் கட்டுப்படுத்துகின்றனவே அன்றி, வீட்டில் ஓடும் கருவியை அல்ல. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-22 வாயுவைக் கொண்டு புதிய கருவிகள் செய்வது 2025 ஜனவரி முதல் நிறுத்தப்பட்டுள்ளது. 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2030-இல் அதன் பயன்பாடு ஏறத்தாழ முடிவுக்கு வரும். பழைய கருவிகளின் பராமரிப்புக்கென மிகச் சிறிய அளவு மட்டும் 2040 வரை அனுமதிக்கப்படும். வரத்து குறையும்போது விலை ஏறும் என்பதை வணிகவியல் படித்தவர் சொல்லித்தான் அறிய வேண்டுமென்பதில்லை.

ஆர்-410ஏ, ஆர்-32 ஆகியவை ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் புவியை வெப்பமாக்குகின்றன. இவற்றைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. நமக்கான முதல் குறைப்பு 2032-இல் 10 சதவீதம். 2047-இல்தான் 85 சதவீதம். ஆகவே இன்று ஆர்-32 கருவி வாங்குபவர் அஞ்சக் காரணமில்லை. இதன் வெப்பமாக்கும் திறன் ஆர்-410ஏ-யினுடையதில் மூன்றில் ஒரு பங்களவே.

உண்மையில் பணம் கரைவது வேறோர் இடத்தில். வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்துவிட்டதென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் ஆண்டுதோறும் 'கேஸ்' நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். ஆர்-22 விலை ஏற ஏற இச்செலவும் ஏறும்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ஆர்-22 கிடைக்கவில்லையென்று அதே கருவியில் வேறு வாயுவை அடைக்க இசையாதீர்கள். ஆர்-410ஏ-யின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெயும் வேறு. ஆர்-32 சிறிதளவும், ஆர்-290 எனப்படும் புரொபேன் எளிதிலும் தீப்பற்றக்கூடியவை. அவற்றுக்கென வடிவமைத்த கருவியில் மட்டுமே அவை இருக்கலாம். எந்த வாயு உங்களுடையது என்பது வெளிப்புற யூனிட்டின் பெயர்ப்பலகையில் அச்சிடப்பட்டிருக்கும்.

பத்தாண்டு கடந்த ஆர்-22 கருவியில் சுருளே அரித்துக் கசிந்தால், பழுதுச் செலவைப் புதியதன் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகியுள்ளது. தவணையில் வாங்குவோர், மாதத் தவணையை மட்டும் பாராமல் வட்டியும் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகையைக் கேட்டறிவது நலம். பழையதைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் பிடித்துக்கொள்ளுமாறு தொழில்நுட்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.