புண்ணும் வடுவும்

புண் வேறு, வடு வேறு. ஆறாது நிற்பது புண். ஆறியபின் எஞ்சுவது வடு. தீச் சுட்டதைப் புண் என்றும், நாச் சுட்டதை வடு என்றும் வள்ளுவப் பெருந்தகை சொல்லை மாற்றி வைத்த நுட்பத்தை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். தழும்பு என்பது பெரிதும் பயிற்சியால் ஏறுவது. நாத்தழும்பேற ஓதுதல் என்பது வழக்கு. மார்பிலும் முகத்திலும் ஏற்றது விழுப்புண், முதுகிற் பட்டது புறப்புண் என்ற பாகுபாடும் நம்மிடம் உண்டு. வெண்ணிப் போரிற் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண் நாணி வடக்கிருந்த செய்தியைப் புறநானூறு கூறும். இத்துணைச் சொற்களைக் கையிருப்பாகக் கொண்ட நாம், மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒருவரைக் காணும்போது, “காயம் காய்ந்துவிட்டதா?” என்ற ஒரே வினாவோடு நின்றுவிடுகிறோம்.

1962ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையில் ஜோன் சாண்லி என்பார் உலோகப் பந்தையும் உறுதியான பொலித்தீன் கிண்ணத்தையும் கொண்டு இடுப்பு மூட்டை மாற்றிக் காட்டினார். இன்று முழங்காலும் இடுப்பும் மாற்றப்பெற்றோர் நம் வாவிக்கரை ஊர்களிலும் நடமாடுகின்றனர். முழங்கால் வெட்டு முன்புறத்தே அமைவதால் விழுப்புண் வரிசையிற் சேரும். இடுப்பினதோ பல வேளைகளிற் பின்புறமாக அமைவது. அதற்காக எவரும் வடக்கிருக்க வேண்டியதில்லை. எனது வலது முழங்காலில் உள்ள கோட்டுக்கு வயது பதினாறு திங்கள். ஆதலின் இவ்விடயத்தில் ஏட்டறிவோடு சிறிது பட்டறிவும் எனக்குண்டு.

தையலோ கம்பியோ பெரும்பாலும் இரண்டு கிழமையளவில் அகற்றப்படும். அன்றே எல்லாம் முடிந்தது என்று கருதுவது பெரும் பிழை. தோல் மூடிக்கொண்டதேயன்றி உறுதிப்படவில்லை. மூன்றாம் கிழமையில் அதன் வலிமை பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே. உள்ளே கொலாஜன் என்னும் புரத இழைகள் முதலில் தாறுமாறாக அடுக்கப்பட்டு, பின்னர் மெல்ல மெல்லச் சீராக்கப்படுகின்றன. வடு முதிர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு செல்லும். அதன் பின்னரும் பழைய வலிமையில் 80 வீதத்தை அது மேவுவதில்லை. சிவந்தும் தடித்தும் தினவெடுத்தும் இருந்த கோடு நாளடைவில் வெளிறித் தட்டையாவதை அன்றாடம் நோக்குவோர், வடு என்பது முடிந்துபோன ஒன்றன்று, நெடுநாள் வேலை நடக்கும் இடம் என்பதை அறிவர்.

முதற் கிழமைகளில் நம் ஊருக்கென்றே சில ஆபத்துகள் உள. வாவி நீர் கடலும் ஆறும் கலந்த உவர்நீர். இத்தகைய வெப்பநாட்டு உவர்நீரில் விப்ரியோ இனத்துக் கிருமிகள் வாழும்; அவற்றுட் சில காயத்தின் வழியே புகுந்து உயிருக்கே உலைவைக்க வல்லன. இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுவோரும், இறால் தடவுவோரும் காயம் முற்றாக மூடி வைத்தியர் விடை தரும்வரை நீரில் இறங்கலாகாது. படுவான்கரை வயற்சேறும் அவ்வாறே. மெலியோயிடோசிஸ் என்னும் கொடிய நோயைத் தரும் கிருமி இலங்கை மண்ணில் உண்டு. நீரிழிவு உடையோரை அது எளிதிற் பற்றும். போடியாரே ஆயினும் வரம்போடு நின்றுகொள்க.

அடுத்தது வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து. “இறாலும் கணவாயும் கிரந்தி மனே, வாயில வைக்காத” என்று என் பெரியம்மா தடுத்தார். முட்டையும் விலக்கப்பட்டது, மீனிலும் பாதி விலக்கப்பட்டது. அன்பினாற் சொல்வதை எதிர்த்துப் பேச நாவெழாது. ஆயினும் தோலை நெய்யும் நூல் புரதமே என்பதால், ஒவ்வாமை இல்லாதவருக்கு மீனையும் முட்டையையும் மறுப்பது நெசவாளனிடமிருந்து நூலைப் பறிப்பதாகும். திறந்த காயத்தில் மஞ்சளும் எண்ணெயும் அப்புவதையும் நான் உடன்படேன். உள்ளே இருப்பது உலோகம். கிருமி அதனைச் சென்று பற்றினால் மீண்டும் கத்தி வைக்க நேரும். சிலபோது பொருத்திய மூட்டையே கழற்ற நேரும். சிவப்பு நாளுக்கு நாள் படர்ந்தாலும், சீழோ நீரோ கசிந்தாலும், காய்ச்சல் கண்டாலும், ஓய்ந்த வலி மீண்டும் ஏறினாலும் மருந்துக் கடையில் வில்லை வாங்கி விழுங்காது, சத்திரசிகிச்சை செய்த இடத்துக்கே விரைதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் தமிழில் எழுதிக் கொடுப்பார் அரியர். நோயாளி கையில் வரும் அட்டை ஆங்கிலத்தில் இருக்கும். மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1867இல் ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் அச்சேற்றினார். அவ்வாறு தொடங்கிய மரபு இன்று ஒரு தாள் அளவுக்கேனும் தொடராதது எனக்கு ஆறாத குறை.

காயம் முற்றாக மூடிப் பொருக்கும் உதிர்ந்தபின், வைத்தியரைக் கேட்டுக்கொண்டு, வடுவை நாள்தோறும் விரலால் மெல்ல அழுத்தி உருட்டலாம். தோல் அடித்தசையோடு ஒட்டாதிருக்க இது உதவும். தேங்காயெண்ணெய்க்கு உரிய இடம் இதுவே. வடு புடைத்துத் தடிப்போருக்குச் சிலிக்கோன் பசையோ தகடோ நாளிற் பெரும்பொழுது மாதக்கணக்கில் இடச் சொல்வர். வெட்டின் எல்லையையும் கடந்து வளரும் கீலொயிட்டு என்னும் தடிப்பு நம்போன்ற கருநிறத் தோலினரிடம் மிகுதி. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. முதலாண்டில் வெயில் பட்டால் வடு கறுத்து அப்படியே தங்கும். ஆகவே மறைத்தல் நன்று.

மறைத்தல் என்றதும் வேறொன்று நினைவில் எழுகின்றது. 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க் காலத்தில், உடம்பில் ஒரு வடு இருப்பதே ஐயத்துக்கு இடமாகியது. சோதனைச் சாவடியிலே பனைமரத்தால் விழுந்ததையும் பள்ளி மைதானத்தில் அடிபட்டதையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்த இளைஞர் பலர். இன்று முதுமையை நெருங்கும் அவர்கள் முழங்காலில் ஒரு சாண் நீளக் கோட்டோடு வீடு வரும்போது, வெயிலுக்காக மறைக்கிறார்களா, பழைய அச்சத்தால் மறைக்கிறார்களா என்று பிரித்தறிவது அரிது. உடற்பயிற்சி வைத்தியரிடம்கூடக் காற்சட்டையை மேலே சுருட்டத் தயங்குவோரை நான் அறிவேன். குறளில் வடு என்பதற்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. அப்பொருளை ஒரு மனிதனின் காலில் எழுதிப் படிப்பது கொடுமை.

இறுதியாக முழந்தாளிடுதல். முழங்காலை வெட்டும்போது தோலுக்குச் செல்லும் சிறு நரம்பொன்று பெரும்பாலும் அறுபடும். அதனால் வடுவின் வெளிப்புறத்தே ஒரு பகுதி மரத்துப்போகும். மாதங்கள் செல்லச் செல்ல அது சுருங்கும். பலரிடம் சிறிதளவு நிலைத்தும் விடும். அவ்விடம் தரையிற் பட்டவுடன் தன் காலே பிறர் காலாகத் தோன்றுவதால், மூட்டு உடைந்துவிடும் என்று அஞ்சி முழந்தாளிடுவதையே கைவிடுவோர் மிகப் பலர். தேவாலயத்திற் பின்வரிசைக் கதிரையும், பள்ளிவாசலில் ஓரத்துக் கதிரையும், கண்ணகை அம்மன் குளிர்த்தி நாளில் மதிலோரமும் அவர்களுக்கு நிலையான இடமாகின்றன. நன்கு ஆறிய முழங்கால் மாற்றுக்கு முழந்தாளிடுதல் பொதுவாகக் கேடு செய்வதில்லை என்பதே வைத்தியர் கருத்து. தடுப்பது பெரும்பாலும் மரமரப்பும் அச்சமுமே. இடுப்பு மாற்றியோருக்கு விதி வேறு. அவர்கள் தாழ இருப்பதற்கும் குந்துவதற்கும் முன் கட்டாயம் கேட்டறிதல் வேண்டும். முழங்கால் மாற்றியோர் வைத்தியர் இசைந்தபின் முதலில் மெத்தையின்மேல் ஒரு நிமிடம் முழந்தாளிடுக. சில கிழமை சென்றபின் தரையில் தலையணையிட்டு, ஒரு கையாற் கட்டிற் காலைப் பற்றிக்கொண்டு. அதன்பின் இரண்டாக மடித்த பாயின்மேல். நான் இப்போது பாய்வரை வந்திருக்கிறேன்.