பெரியோர் அநுஷ்டானமும் நம் பொறுப்பும்

பெரியோர்களுடைய அநுஷ்டானம் நமக்குப் பிரமாணம் என்பது வைதிகர் அனைவர்க்கும் உடன்பாடு. சுருதி, ஸ்மிருதி ஆகியவற்றை அடுத்து சிஷ்டாசாரத்தையும் தர்மத்துக்கு மூலமாக மீமாம்ஸகர்கள் கொண்டனர். ஆயினும், "அவர் செய்தார், ஆகவே நானும் செய்தேன்" என்று சொன்ன அளவில் ஒருவனுடைய பொறுப்பு தீர்ந்துவிடுமா என்பது விசாரிக்கத்தக்கது. அடியேனுக்கு இவ்விசாரம் பிறந்ததற்கு ஒரு நிமித்தம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓரூரில் காலக்ஷேபம் முடிந்தபின் கைங்கர்யபரர் ஒருவர் தனித்து வந்தார். ஸந்நிதியில் திருவிளக்கு எரிய வேண்டுமென்று வயது முதிர்ந்த ஓர் அம்மையார் அவரிடம் ஒப்படைத்த பொருளை, உத்ஸவ காலத்தில் ததீயாராதனத்துக்குச் செலவிட்டுவிட்டார். அம்மையாரை முன்னம் கேட்கவுமில்லை, பின்னர்ச் சொல்லவுமில்லை. "பகவதாராதனத்திலும் பாகவதாராதனம் உயர்ந்ததன்றோ? திருமங்கையாழ்வார் வழிபறித்தே ததீயாராதனம் நடத்தினார். எம்பெருமானும் அவரை அங்கீகரித்தானே" என்றார். "ஆழ்வார் வேறு, நாம் வேறு" என்று விடையிறுத்தேன். "அப்படியாகில், ஆழ்வார் ஆசாரியர்கள் காட்டிய வழியே நமக்கு வழி என்று தேவரீர் நாள்தோறும் ஸாதிப்பது எதற்கு?" என்றார் அவர். அன்று அடியேனிடம் தக்க ஸமாதானம் இல்லை. அதனை இங்கு விண்ணப்பிக்கிறேன்.

முதலில் உபநிஷத்தைப் பார்ப்போம். தைத்திரீயத்தின் சீக்ஷாவல்லியில், வேதம் ஓதி முடித்த சிஷ்யனுக்கு ஆசாரியன் பல தர்மங்களை விதிக்கிறான். அவ்விடத்தில் தன் நல்லொழுக்கங்களை மட்டுமே கைக்கொள்ளுமாறும், மற்றவற்றை விடுமாறும் அவனே சொல்லுகிறான். இதனால் இரண்டு தேறுகின்றன. ஆசாரியனிடத்திலும் கைக்கொள்ளத் தகாதது இருக்கக்கூடும் என்பது ஒன்று. அதனைப் பகுத்தறியும் கடமை சிஷ்யனுடையது என்பது மற்றொன்று. மேலும், கர்மத்திலோ ஒழுக்கத்திலோ ஐயம் பிறந்தால், ஆராயும் திறமும், பிறரால் ஏவப்படாமையும், கடுமையின்மையும், தர்மத்தில் விருப்பமும் உடைய அந்தணர் எப்படி நடப்பரோ அப்படி நடக்கச் சொல்லுகிறது சுருதி. செய்தவன் எவன் என்பதைக் காட்டிலும், ஆராய்ந்து செய்தவனா என்பதே அங்கு நோக்கப்படுகிறது.

ஆபஸ்தம்பர் தம் தர்மஸூத்ரத்தின் இரண்டாம் பிரச்னத்தில் இதனை வெளிப்படையாகவே பேசுகிறார். முன்னோரிடத்தில் தர்மம் தவறிய செயல்களும் துணிச்சலான செயல்களும் காணப்படுகின்றன. அவர்களுடைய தேஜஸ்ஸினால் அவர்களுக்குத் தோஷம் உண்டாகவில்லை. அதனைக் கண்டு தானும் அவ்வாறு செய்யும் பிற்காலத்தவன் அழிவான் என்பது அவருடைய முடிபு. ஸ்ரீபாகவதத்தில் ராஸக்ரீடையைக் கேட்ட பரீக்ஷித்து ஐயுற்றபோது ஸ்ரீசுகர் அருளிய விடையும் இவ்வழிப்பட்டதே. ருத்ரன் அல்லாதவன் கடல்நஞ்சை உண்ணப் புகலாகாது. பெரியோர்களுடைய வாக்கு எப்போதும் பிரமாணம். அவர்களுடைய செயலிலோ, அவ்வாக்கோடு இசைந்ததையே அறிவுடையோன் பின்பற்ற வேண்டும்.

இந்த அளவுகோலைக் கொண்டு ஆழ்வாருடைய சரிதத்தை நோக்குவோம். 1008 ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு ஓராண்டு காலம் அமுது செய்விக்க வேண்டும் என்னும் குமுதவல்லி நாச்சியாரின் நியமனத்தை ஏற்ற அவர், முதலில் தம் பொருள் முழுவதையும் அதற்கே செலவிட்டார். பறிக்கப் புகுந்தது அதன் பின்னரே. எம்பெருமான் மணவாளக் கோலத்தில் எழுந்தருளித் திருமந்திரத்தை உபதேசித்தபின் அவர் அருளிச்செய்த பெரிய திருமொழியின் முதற்பதிகம், கழிந்த நாள்களுக்கு வருந்துவதாகவே அமைந்துள்ளது. பறித்தலைக் கடமையாகத் தம் ஆறு பிரபந்தங்களில் எவ்விடத்தும் அவர் நமக்கு விதிக்கவில்லை. நாகப்பட்டினத்துப் பொன்னைக் கொண்டு திருவரங்கத்து மதிற்கைங்கர்யம் செய்ததாகக் குருபரம்பரை கூறுவது, அருள் பெற்ற பின்னர் நிகழ்ந்ததன்றோ என்னில், அதுவும் ஆபஸ்தம்பர் காட்டிய வகையில் அடங்கும். அவருடைய வாக்கு நமக்குக் காட்டும் வழி அதுவன்று.

பகவத்கீதை மூன்றாம் அத்தியாயத்தில், சிரேஷ்டன் செய்வதையே உலகம் பின்பற்றும் என்று கண்ணன் அருளிய இடத்தில் எம்பெருமானாருடைய பாஷ்யம் மிக நுட்பமானது. சாஸ்திரம் முழுவதையும் அறிந்தவன் என்றும், அறிந்தபடி அநுஷ்டிப்பவன் என்றும் புகழ்பெற்றவனே சிரேஷ்டன். அவன் எந்தக் கர்மத்தை எந்த அங்கங்களோடு செய்கிறானோ, அந்த அங்கங்களோடேயே உலகமும் செய்யும் என்று பொருள் அருளினார். ஆகவே, அங்கங்களை விட்டு ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்வது பின்பற்றுதல் ஆகாது. தன் பொருளை முற்றும் இழந்ததும், பின்பு நெஞ்சுருகி வருந்தியதும் இன்றிப் பறித்ததை மட்டும் கைக்கொள்பவன் ஆழ்வாரைப் பின்பற்றுபவன் அல்லன்.

எம்பெருமானாருடைய சரிதமே இதற்குச் சிறந்த உதாரணம். திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து பெற்ற ரஹஸ்யார்த்தத்தை, அவருடைய ஆணையைக் கடந்து பலர்க்கும் வெளியிட்டார். நம்பி சினந்து வினவியபோது, முன்னோர் எவரையும் அவர் சான்று காட்டவில்லை. ஆணையைக் கடந்ததன் பலன் நரகம் என்பதை ஒப்புக்கொண்டு, பலர் உஜ்ஜீவிக்கத் தாம் ஒருவர் நரகம் புகுவதற்கு இசைந்தார். அந்த இசைவு அச்செயலுக்கு அங்கம். அது இன்றி ஆசாரிய நியமனத்தைக் கடப்பவன் உடையவரை எடுத்துக்காட்டுவது பொருந்தாது.

பெரிய நம்பி மாறனேரி நம்பிக்குச் சரம ஸம்ஸ்காரம் செய்தபோதோ, பெருமாள் ஜடாயுவுக்குச் செய்ததைச் சான்றாகக் காட்டினார். அது தகுமோ என்னில், தகும். ஊரார் விலக்கிவைக்கும் பழியைத் தாங்குவதற்கு அவர் அச்சான்றைக் கொண்டார். நம் கைங்கர்யபரரோ அம்மையாரிடம் கணக்குச் சொல்வதிலிருந்து தப்புவதற்கு ஆழ்வாரைக் கொண்டார். பாரத்தைச் சுமக்கச் சான்று தேடுவதும், பாரத்தை இறக்கச் சான்று தேடுவதும் வேறு வேறு.

எல்லாம் ஈசுவரனுக்கு அதீனமாயிருக்க ஜீவனுக்குப் பொறுப்பு ஏது என்னும் வினாவும் எழும். ஸ்ரீபாஷ்யத்தின் பராயத்தாதிகரணத்தில் இதற்கு விடை உண்டு. முதல் முயற்சி ஜீவனுடையது. அதனை நோக்கியே ஈசுவரன் அநுமதி தந்து நடத்துகிறான். இருவர்க்குப் பொதுவான பொருளை ஒருவன் மற்றவன் அநுமதியோடு பிறனுக்குக் கொடுத்தாலும், கொடுத்ததன் பலன் கொடுத்தவனையே சேரும் என்பது பாஷ்யகாரர் காட்டிய திருஷ்டாந்தம். எம்பெருமானுடைய அநுமதியே நம் கர்த்ருத்வத்தை நீக்காதபோது, ஆழ்வாருடைய சரிதம் எங்ஙனே நீக்கும்?

முன்சொன்ன கீதாபாஷ்யத்திலேயே நம் போல்வார்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிஷ்டன் என்று பெயர் பெற்றவன் தன் கர்மத்தை நழுவவிட்டால், அதனால் உலகம் கெடும் பாபம் அவனை ஞானயோகத்திலிருந்தும் நழுவச் செய்யும் என்கிறார். ஸந்நிதிக் குடிகளில் பிறந்து பிறர் கண்ணுக்கு முன் நிற்கும் நாம், நம்மைப் பார்த்து நடப்பவர்களுக்கும் சேர்த்துப் பொறுப்புடையோம். அன்று அரைகுறை விடையோடு அவரை அனுப்பிய குறை அடியேனுடையதே.

முடிவில் கண்ணனும் தான் சொன்னது அனைத்தையும் முற்ற ஆராய்ந்து விரும்பியபடி செய் என்று அர்ஜுனனிடமே விட்டான். உபதேசித்தவன் ஸர்வேசுவரன். அவன் பார்த்தனுக்காக ஆராயவில்லை, ஆராயும்படி பணித்தான்.

ஆகவே அந்தக் கைங்கர்யபரர்க்கு அடியேன் அன்றே சொல்லியிருக்க வேண்டியது இது: பாகவதாராதனம் உயர்ந்ததே. அதனைத் தம் பொருளைக் கொண்டு செய்யலாம். அம்மையாரிடம் நடந்ததைச் சொல்லி, அவர் திருவிளக்குக்குக் கொடுத்ததைத் திருவிளக்குக்கே சேர்ப்பித்துவிட்டு, பின்பு ஆழ்வாருடைய முதற்பதிகத்தை அநுஸந்திப்பது. ஆழ்வாரைப் பின்பற்றும் வழி அதுவே.