துடைக்காத தூசிக்கு 1.63 கோடி யூரோ… தெரியுமா?

2015 பிப்ரவரி, பாரிஸ். ஏல மண்டபத்தில் நிற்பது 1961-ம் ஆண்டின் ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர். பிரெஞ்சு நடிகர் அலென் தெலோன் ஒரு காலத்தில் ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார். பல ஆண்டுகளாக மேற்கு பிரான்ஸில் ஒரு கொட்டகைக்குள், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் முடங்கிக் கிடந்தது. ஏலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அதைக் கழுவித் துடைத்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? தூசியைக்கூடத் தட்டவில்லை! அப்படியே நிறுத்தினார்கள். போன விலை 1.63 கோடி யூரோ!

நம் ஊராக இருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் நாள் வாட்டர் சர்வீஸ், அடுத்த நாள் டிங்கரிங், அதற்கடுத்த வாரம் பட்டி பார்த்துப் பளபள சிவப்பு. வண்டி என்னவோ ஜம்மென்று இருக்கும். விலைதான் படுத்திருக்கும்.

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தில் சுங்கவரி கட்டாமல் கிடந்த ஒரு புகாட்டி பிரேசியாவை, 1936-ல் அதிகாரிகள் சங்கிலியில் கட்டி மாஜோரே ஏரிக்குள் இறக்கிவிட்டார்கள். சங்கிலி துருப்பிடித்து அறுந்தது. கார் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. 2009-ல் வெளியே எடுத்தபோது பாதி உடம்பையே துரு தின்றிருந்தது. ஓடாது, உட்காரவும் முடியாது. மறு ஆண்டு அந்த இரும்புக் கூடு 2,60,500 யூரோவுக்கு ஏலம் போனது. வாங்கியவர் அதைச் சரிசெய்யவில்லை. துருவோடு அருங்காட்சியகத்தில் வைத்தார்!

ஏன் இந்தப் பைத்தியம்? ராஜபாளையத்துக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்க வருபவர் பால்வெள்ளை உடம்பைப் பார்ப்பார், இளஞ்சிவப்பு மூக்கைப் பார்ப்பார், தாய் எது தகப்பன் எது என்று கேட்பார். குளிப்பாட்டிப் பவுடர் போட்டதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாய் தரமாட்டார். பழைய கார் சேகரிப்பவர்களும் அதே சாதி. சேஸிஸில் அடித்த நம்பர், எஞ்சினில் அடித்த நம்பர், கம்பெனியிலிருந்து வந்த முதல் பெயின்ட், எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாறியது என்ற காகிதம். பளபளப்பை எந்தப் பட்டறையிலும் வாங்கலாம். இந்த நாலில் ஒன்று போனாலும் எங்கேயும் வாங்க முடியாது.

அமெரிக்காவின் பெபிள் பீச்சில் 1950 முதல் கார்களுக்கு ஒரு பெரும் போட்டி நடக்கிறது. அங்கே வழக்கமாகக் கண்ணாடிபோல் மின்னும் கார்களுக்குத்தான் முதல் பரிசு. 2024-ல் முதன்முறையாக, புதுப்பிக்காமல் பேணிக் காத்த ஒரு கார் அதைத் தட்டிச் சென்றது. 1934-ம் ஆண்டின் புகாட்டி டைப் 59 பந்தயக் கார். பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்தது. கருப்பும் மஞ்சளுமான பழைய பெயின்டோடேயே வந்து ஜெயித்தது!

அப்படியானால் எதையுமே தொடக்கூடாதா? பிரேக் பிடிக்காத காரை அப்படியே காப்பாற்றி யாரை முட்டுவது?

இதற்குப் பதில் ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் உருண்டு வருகிறது, பாருங்கள். ஆண்டாள் கோயில் பெரிய தேர் ஒரு காலத்தில் மரச் சக்கரத்தில் ஓடியது. வடம் பிடித்தால் நிலைக்கு வந்துசேர நாள்கணக்கில் ஆகும். நிறுத்த முட்டுக்கட்டைதான். சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நொடி பிசகினால் கை இல்லை. இன்று இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக். திருவாரூர் ஆழித்தேர் 1970-லேயே திருச்சி பெல் நிறுவனத்தின் உதவியோடு இப்படி மாறி, 1948-ல் நின்றுபோன ஓட்டத்தை மறுபடி தொடங்கியது. சக்கரம் மாறியதால் அது ஆண்டாள் தேர் இல்லை என்று யாராவது சொன்னதுண்டா? ஆளைக் கொல்லக்கூடிய பாகத்தை மாற்று. உளி பட்ட மரத்தில் கைவைக்காதே. தேருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதுவே சரி என்பது என் கட்சி.

சரி, எவ்வளவு மாற்றினாலும் அது அதே வண்டிதானா? இந்தக் கேள்வி லண்டன் நீதிமன்றம் வரை போனது தெரியுமா? ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி 1929, 1930 என்று இரண்டு ஆண்டும் லெ மான் பந்தயத்தில் ஜெயித்தது. பிறகு பாடி மாறியது, பாகங்கள் ஒவ்வொன்றாக மாறின. ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தப் பழைய கார் இல்லை என்று பின்வாங்கினார்கள். 1990-ல் தீர்ப்பு வந்தது. வண்டியின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, அந்தப் பெயரைக் கேட்க உலகில் வேறு காரும் இல்லை, ஆகவே இதுவே அது என்றார் நீதிபதி!

நம் தமிழ்நாட்டுக் காருக்கு வருவோம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு! 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தயாரானது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் சேஸிஸிலிருந்துதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரே பிறந்தது. இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. டாக்டர் வீட்டு வாசலில் சாதுவாக நின்ற அந்தச் சின்னக் கார், ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு உடன்பிறப்பு! பானெட்டைத் தூக்கினால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்னால் சாயும். எஞ்சின் முழுக்கக் கண்ணுக்கு முன்னால். டயர்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இன்னொன்று தெரியுமா? நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் வந்ததே இல்லை, நம் ஊரில் மட்டும்தான்! அதனாலேயே, ஸ்பிட்ஃபயர்போல் ஆக்குகிறேன் என்று அதன் கூரையை அறுப்பவரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கூரையை அறுப்பது மட்டும் ஆபத்தில்லை. துருவை எடுக்க மணலைப் பீய்ச்சி அடிக்கும் மெஷின் தெரியும்தானே? அதே மெஷினைக் கோயில் கற்களில் விட்டு, கல்வெட்டு எழுத்தெல்லாம் மழுங்கி, கடைசியில் தமிழ்நாட்டில் தடையே போட்டார்கள். கார் தகட்டில் விட்டால் தகடு நெளியும். சேஸிஸ் நம்பர்மீது பட்டால் முடிந்தது கதை.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். நம்பரில் டிஎன் என்பதற்குப் பின் விஏ என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது! வாடகைக்கு விடக்கூடாது, தினசரி ஓட்டவும் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம்.

பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவா, டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றது. முதலில் பேணு, முடியாவிட்டால் சீர்செய், புதுப்பிப்பது கடைசி என்பது அதன் போக்கு. மாற்றிய பாகத்தில் கண்ணை உறுத்தாமல் ஓர் அடையாளம் போடச் சொல்கிறது. நான் சேர்ப்பது ஒன்றுதான்: கழற்றிய கார்புரேட்டரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். துணியில் சுற்றி, தேதி எழுதிப் பரணில் வையுங்கள். விற்கும் நாளில் அதற்கும் விலை உண்டு.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் யார் வீட்டு ஷெட்டிலாவது, தோட்டத்திலாவது படுதா போர்த்திய ஹெரால்டு நிற்கிறதா? பெயின்ட் கடைக்கு வண்டியை எடுக்காதீர்கள். முதலில் தாத்தா பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள்.